நாலரைச் சங்கிலிக் கம்பி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தால் உருப்படியாக ஒரு காரியம் நடந்தது என்றால் அது ஒரே ஒரு சனிக்கிழமைதான். மற்ற நாள் கோபங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கம். இதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

1955ஆம் வருடம். ஹாலிஎலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். அங்கே பள்ளிக்கூடத்தில் நான்தான் டீச்சர். பெயர் ஜெயலெட்சுமி. டீச்சர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே. நானும் எஸ்.எஸ்.ஸி.யில் கணிதத்தில் கோட்டை விட்டவள்தான். அதை மறுபடி எழுதுவதற்காகச் சனிக்கிழமை தோறும் பதுளைக்கு டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடத்துக்கென்று வேலி போட்ட நிலம் கால் ஏக்கர் வேண்டும், மாதம் முடிவதற்குள் அது இருந்தால் பதிவு செய்வேன், பதிவு செய்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரசாங்கப் பரீட்சை எழுதலாம் என்றார். இல்லாவிட்டால் அது வழக்கம்போல, தாய்மார் கொழுந்து எடுத்துவிட்டு வரும் வரை பிள்ளைகளை அடைத்து வைக்கிற கொட்டகைதான். உங்களுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்று தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி வந்த எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்துச் சட்டம் போட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அப்படியிருக்க, கால் ஏக்கர் போதும் என்று ஒரு மனிதர் சொன்னது எனக்குப் பெரிய வரமாகப் பட்டது.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டோம். துரை இரண்டு நிபந்தனைகளோடு சரி என்றார். வேலிக்கு நாலரைச் சங்கிலி தூரத்துக்குத்தான் கம்பி தருவார், அதற்கு மேல் ஒரு முழம்கூட இல்லை. ஒரு தேயிலைச் செடியைக்கூடத் தொடக் கூடாது. சங்கிலி என்றால் இருபத்திரண்டு யார், அதாவது கெஜம். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, றோட்டுப் போடுவது, வேலி அடைப்பது எல்லாவற்றையும் தோட்டத்தில் இரும்புச் சங்கிலியால்தான் அளப்பார்கள். ஆளுக்கு ஒரு சங்கிலி, அரைச் சங்கிலி என்று வேலை பிரித்துக் கொடுத்துக் கொடுத்து, எங்கள் எல்லோருக்கும் நிலம் என்றாலே முழுச் சங்கிலியும் அரைச் சங்கிலியுமாகத்தான் கண்ணில் தெரியும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கனகரத்தினம் கிளாக்கர் இடத்தைக் காட்ட வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக் கந்தோரில் அவர் பேனா அசையாமல் ஒரு ஆணிகூட வெளியே வராது. நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற எண்ணம் கொஞ்சம் உண்டு.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கல்லுக்கட்டு ஓடுகிறது. அந்தப் பக்கத்துக்கு வேலி தேவையில்லை, கல்லுக்கட்டே வேலி. மற்ற மூன்று பக்கத்துக்குத்தான் கம்பி.

"இதிலை கணக்குப் பாக்க என்ன கிடக்கு?" என்றார் கிளாக்கர். "பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்ப கால் ஏக்கர் ரெண்டரைச் சதுரச் சங்கிலி. அகலம் ஒரு சங்கிலி, நீளம் ரெண்டரைச் சங்கிலி. பெருக்கிப் பாரும், ரெண்டரை. கம்பி ஒண்டும் ஒண்டும் ரெண்டரையும் நாலரை. அளந்து தைச்ச சட்டை மாதிரி இருக்கு."

நானும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. "சரிதாங்க" என்று சொன்னேன். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பிறகுதான் சங்கிலியைக் கல்லுக்கட்டு ஓரமாக இழுத்துப் பார்த்தோம். பள்ளிக்கூடத்து மூலையில் தொடங்கினோம். அந்தப் பக்கம் றோட்டு, அதனால் பின்னுக்குத் தள்ள வழியில்லை. இரண்டு சங்கிலி முடிந்தது. கடைசி அரைச் சங்கிலி நேரே போய்ப் பெரியாயி அக்காவின் மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தது.

பெரியாயி அக்கா கொழுந்து எடுக்கிறவள். புருஷன் இல்லை. மகள் மாரியாயி என்னிடம் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். பதிவு கிடைத்தால் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பரீட்சைக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். அந்த வீட்டில் மிச்சம் இருந்த ஒரே சொத்து செவலை என்ற பசு. அப்போது அது நிறைமாதச் சினை. பரீட்சை பாஸான பிறகு மாரியாயியை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்றால் அது செவலையின் பாலில்தான் நடக்க வேண்டும்.

கொட்டிலைப் பிரித்து வேறு இடத்தில் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். தோட்டத்துச் சட்டம் அதற்கு இடம் தராது. இருக்கிற கொட்டில் இருக்கலாம், புதிதாக ஒன்றும் கட்டக் கூடாது. பிரித்தால் பிரித்ததுதான். கொட்டில் இல்லாமல் மாடு வைத்திருக்கவும் விடமாட்டார்கள்.

கிளாக்கருக்கே முகம் வாடிவிட்டது. பெரியாயி அக்காதான் முன்னால் வந்தாள்.

"பிரிச்சுக்கிருங்க கிளாக்கரையா. எம் புள்ள பரீட்ச எழுதட்டும். மாட்ட ஹாலிஎல தேத்தண்ணிக் கட மொஹிதீன் நானாகிட்ட குடுத்துர்றேன். அவுகதான் ரொம்ப நாளா பால் வாங்குறாக."

"நீ வாய மூடுக்கா" என்று நான் கத்தினேன். "பால வித்துத்தானே அவள டவுனுக்கு அனுப்பப் போற? மாட்ட வித்துட்டு என்னத்த வித்து அனுப்புவ?"

"அத அப்பப் பாப்போம். இப்ப நெலம் வேணுமா வேணாமா? நீ டீச்சரு, நீயே சொல்லு."

பதில் வராதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். ஞாயிற்றுக்கிழமை மொஹிதீன் நானா வந்து மாட்டைக் கொண்டு போவது, திங்கட்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்து முடிந்ததும் கொட்டிலைப் பிரிப்பது என்று முடிவாயிற்று.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் டியூஷனுக்குப் போனேன்.

டியூஷன் சொல்லித் தந்த இரகுநாதன் சாருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருந்தால் அதிகம். மீசையைக் காட்டித்தான் சார் என்று கூப்பிட வைப்பார். போன வாரம் நான் செய்து கொடுத்த இருபடிச் சமன்பாடுகளைத் திருத்திக் கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றிலும் பாதிப் புள்ளிதான்.

"மற்ற விடை எங்கை?" என்று கேட்டார். "இருபடிச் சமன்பாடு எண்டால் ரெண்டு விடை. நீர் ஒண்டை எழுதிப்போட்டு எழும்பிப் போறீர்."

"இன்னொண்ணு மைனஸ்ல வருது சார். மைதானத்தோட நீளம் மைனஸ் பன்னண்டுன்னு எழுதி என்ன செய்ய?"

"வந்தால் எழுத வேணும். பிறகு காரணம் சொல்லி வெட்ட வேணும். எழுதாமல் வெட்டக் கூடாது."

வேறு நாளாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு யார் மேலாவது பாய வேண்டும் போல இருந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"நேத்து எங்க தோட்டத்துல வேலிக் கணக்குப் போட்டோம் சார். நெசமான வேலி, நெசமான கம்பி. ஒரே ஒரு விடைதான் வந்துச்சு. அந்த ஒரு விடையே ஒரு குடும்பத்தக் கெடுக்கப் போதுமா இருக்கு. இதுல ரெண்டாவது விடைய வேற எங்க தேட? மைனஸ் சங்கிலிக்கு ஒங்க ஊர்ல வேலி போடுவாங்களா?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. வெண்கட்டியை நீட்டினார். "வந்து எழுதிக் காட்டும். ரெண்டாவது விடை குப்பை எண்டால் நான் ஒப்புக்கொள்ளுறன்."

விடுவேனா? போய் எழுதினேன். அகலம் எக்ஸ் சங்கிலி. கம்பி நாலரை. இரண்டு பக்க அகலத்துக்கும் இரண்டு எக்ஸ் போனால் நீளத்துக்கு மிஞ்சுவது நாலரை கழித்தல் இரண்டு எக்ஸ். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் இரண்டரை வர வேண்டும். பின்னம் போவதற்காக இரண்டால் பெருக்கினேன். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டு வந்தபோது பலகையில் நின்றது இது: நாலு எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஒன்பது எக்ஸ், கூட்டல் ஐந்து, சமன் பூச்சியம்.

காரணி பிரிப்பது கஷ்டமாக இல்லை. ஒரு காரணி எக்ஸ் கழித்தல் ஒன்று. அது பூச்சியமானால் எக்ஸ் ஒன்று. கிளாக்கரின் ஒரு சங்கிலி! "பாத்தீங்களா?" என்று சாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கீழே இரண்டு கோடு போட்டேன்.

"மற்றது?" என்றார்.

மற்றக் காரணி நாலு எக்ஸ் கழித்தல் ஐந்து. அது பூச்சியமானால் நாலு எக்ஸ் சமன் ஐந்து. எக்ஸ் சமன் ஒன்றேகால்.

மைனஸைத் தேடினேன். எங்கும் இல்லை. மேலேயிருந்து கீழே வரை மறுபடி வாசித்தேன். எங்கேயும் பிழை இல்லை.

"இதை என்ன காரணம் சொல்லி வெட்டப் போறீர்?" என்று சார் மெதுவாகக் கேட்டார்.

வெட்டக் காரணம் ஒன்றும் இல்லை. அகலம் ஒன்றேகால் சங்கிலி என்றால் இரண்டு பக்கத்துக்கும் இரண்டரை. நாலரையில் இரண்டரை போனால் நீளம் இரண்டு. இரண்டையும் ஒன்றேகாலையும் பெருக்கினால் இரண்டரை. அதே கம்பி, அதே கால் ஏக்கர். ஆனால் நீளம் இரண்டரை இல்லை, இரண்டு. அரைச் சங்கிலி குறைவு. செவலை கட்டியிருக்கிற அதே அரைச் சங்கிலி!

வெண்கட்டியைச் சாரின் கையில் திணித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். ஹாலிஎலையில் இறங்கியதும் நல்ல மழை. நனைந்த கோழி போலத்தான் கிளாக்கர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்ன பிள்ளை, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று பதறினார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க ஐயா. வேலிக் கணக்குதான்."

"ஏன், நான் சொன்னது பிழையே?"

"பிழை இல்லீங்க. சரிதான். ஆனா இன்னொண்ணும் சரி."

அவருக்குப் பிடிக்கவில்லை. நெற்றி சுருங்கியது. ஆனாலும் பென்சிலை எடுத்துப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். ஒன்றேகால் என்று வந்ததும் பென்சிலை வைத்துவிட்டுத் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஒரு சங்கிலி எண்டு கண்ணுக்கு முன்னாலை கிடந்தது, பொறுக்கி எடுத்துப்போட்டன். சமன்பாடே போடேல்லை! மட்றிக்குலேஷனிலை எனக்குக் கணிதத்திலை என்ன மாதிரி மார்க்ஸ் தெரியுமோ, பிள்ளை? வெளியிலை சொல்லிப்போடாதையும்." சிரிப்பு சட்டென்று நின்றது. "அதுசரி, நீளம் குறைஞ்சால் அகலம் கூடுதெல்லோ? கால் சங்கிலி கீழை இறங்க வேணும். கீழை தேயிலை கிடக்கு."

அதை நான் யோசிக்கவே இல்லை. கல்லுக்கட்டிலிருந்து கீழே இறங்கினால் ஆள் உயரத்துக்கு மானாப்புல். அதற்குள் தேயிலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எவருக்கும் தெரியாது. ஒன்றேகால் சங்கிலிக்கு முன்னால் ஒரே ஒரு செடி நின்றாலும் துரை ஒத்துக்கொள்ள மாட்டார்.

"காலமை அளந்து பாப்பம்" என்றார் கிளாக்கர்.

ஞாயிறு காலை நாங்கள் சங்கிலியோடு போனபோது, பெரியாயி அக்கா செவலையைக் குளிப்பாட்டி நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். மொஹிதீன் நானா கையில் கயிற்றோடு கல்லுக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மாரியாயியைக் காணவில்லை. மாடு போவதைப் பார்க்க மாட்டேன் என்று லயத்து வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இறுகிப் போயிற்று.

"பொய்யா ஆச காட்டாதடி. அழுது முடிச்சுட்டு இப்பத்தான் எந்திரிச்சு நிக்கிறேன். மறுபடி என்னைய அழ வைக்காத."

"பொய் இல்லக்கா. கணக்கு அப்படித்தான் வருது. எடம் இருக்கான்னு மட்டும் பாக்கணும்."

"கணக்குதானே நேத்து முந்தாநாளு எங் கொட்டில எடுத்துச்சு?"

அவள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுச் சங்கிலியின் தலைப்பைப் பிடுங்கினாள். "இந்தப் பக்கம் நாந்தான் புடிப்பேன். அப்பத்தான் எனக்கு நம்பிக்க" என்று கல்லுக்கட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கிளாக்கர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுப் புல்லுக்குள் இறங்கினார். நான் பின்னால் கத்தியால் வழி வெட்டிக்கொண்டு போனேன். அட்டை அவரைத்தான் முதலில் தேடிப் பிடித்தது. "ஐயோ, அம்மா" என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம். ஒரு சங்கிலி முடிந்த இடத்தில் முளை அடித்தோம். முன்னால் இன்னும் புல்தான். பெரியாயி அக்கா கீழே இறங்கி வந்து சங்கிலித் தலைப்பை அந்த முளையில் வைத்துப் பிடித்தாள். சங்கிலிக்கு நூறு கண்ணி, கால் சங்கிலிக்கு இருபத்தைந்து. கிளாக்கர் ஒவ்வொரு கண்ணியாகச் சத்தமாக எண்ணிக்கொண்டே போனார். இருபதுக்கு மேல் அவர் குரல் இறங்கிவிட்டது.

இருபத்தைந்தாவது கண்ணியில் நிறுத்தினார். முன்னாலிருந்த புல்லைக் கையால் விலக்கினார். தேயிலைச் செடி நின்றது. முளைக்கும் செடிக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது.

"தொடேல்லை! தேயிலையிலை தொடேல்லை!" என்று அவர் போட்ட சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும்.

"இன்னொரு மூலையும் இருக்குங்க" என்றேன் நான். கல்லுக்கட்டு ஓரமாக இரண்டு சங்கிலி அளந்தோம். கொட்டிலுக்கு இப்பால் நல்லபடியாக முடிந்தது. அங்கிருந்து கீழே ஒன்றேகால். அந்தப் பக்கம் தேயிலை நிரை கொஞ்சம் மேலே வளைந்து வந்திருந்தது. கிளாக்கர் முளையை அடித்துவிட்டுக் கையை விரித்து அளந்தார். செடிக்கு ஒரு சாண் இருந்தது. ஒரு சாண் போதும்.

பெரியாயி அக்கா சங்கிலியைக் கீழே போட்டாள். நேரே ஏறிப் போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மறுபடி அழ வைக்காதே என்று சொன்னவள்தான். நானும் அழுதேன். கிளாக்கர் அட்டை பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டார்.

மொஹிதீன் நானா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். "எனக்கு விடிஞ்சா பால் வந்தாச் சரி பெரியாயி. மாட்டக் கொண்டுபோய் நான் எங்க கட்டுற? தேத்தண்ணிக் கடைக்குள்ளயா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வேலி நின்றது. இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு பக்கத்தையும் அளந்து பெருக்கிப் பார்த்துவிட்டுப் பதிவு தந்தார். அந்த வருடக் கடைசியில் என் பரீட்சையும் வந்தது. ஓர் இருபடிச் சமன்பாடு இருந்தது. முதல் விடை எட்டு. இரண்டாவது விடை மைனஸ் மூன்று. அதை அழகாக எழுதி, காரணமும் எழுதி, பிறகுதான் வெட்டினேன். பாஸாகிவிட்டேன். இரகுநாதன் சார் அதுவரை பிடித்து வைத்திருந்த என் குடையைத் திருப்பித் தந்து, "இதையும் மற்ற விடை மாதிரி விட்டுப்போட்டுப் போனீர்" என்றார்.

ஆனால் பரீட்சைக்கெல்லாம் முன்னால், வேலி போட்ட கையோடு செவலை கன்று போட்டது. கிடேரிக் கன்று. பெரியாயி அக்கா சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கன்றுக்குப் புல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, அந்த ரெண்டாவது விட இருக்கே, அது நீயா உண்டாக்குனதா, இல்ல மொதல்லயே இருந்துச்சா?"

"மொதல்லயே இருந்துச்சுக்கா."

"அப்பறம் ஏன் அன்னைக்கி ஒருத்தரு கண்ணுலயும் படல? நீ இருந்த, கிளாக்கரையா இருந்தாரு."

"மொத விட சரியா இருந்துச்சுல்ல. அதோட நிறுத்திட்டோம்."

அவள் சீம்பாலை ஒரு துண்டு எடுத்து என் கையில் வைத்தாள்.

"சரியா இருந்துச்சா?" என்றாள். "எம் மாடு போயிருக்கும்டி."

யாரிடமும் வாய் கொடுத்துத் தோற்காதவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சீம்பாலைத் தின்றேன்.